டர்போ காருக்கு டியூனிங் பொக்ஸ் பூட்டுமுன் அளவெடுங்கள்

டர்போ எஞ்சினின் வலுவைக் கூட்டப் பூட்டும் சின்ன மின்பெட்டியான டியூனிங் பொக்ஸ் பற்றி யார் என்னிடம் கேட்க வந்தாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இப்போது உங்கள் கார் எவ்வளவு பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் அமுக்கும் காற்றின் அழுத்தம்) அடிக்கிறது? அநேகமாக யாருக்கும் பதில் தெரிவதில்லை. இருக்கிற அளவே தெரியாமல் அதைக் கூட்டினால், எவ்வளவு கூடியது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால் பெட்டியைப் பூட்டுகிற வேலையைக் கட்டுரையின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் சொல்லப்போகிறேன். பழகிய கைக்கு அது அரை மணித்தியால வேலை. எஞ்சினைக் காப்பாற்றுவது அதற்கு முன்னும் பின்னும் எடுக்கிற அளவுகள்தான்.

நான் திருகோணமலையில் வாகன மின்வேலை செய்கிறவன். உப்புவெளிப் பக்கம் சிறிய கராஜ். வயரிங், சென்சர், ஸ்கானர் என்றுதான் என் பொழுது போகிறது. இங்கே சின்ன டர்போ எஞ்சின்கள் பெருகியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: இறக்குமதி வரி எஞ்சினின் சீசீயைப் பார்த்துக் கூடும். 1,000 சீசீக்குள் இருந்தால் வரி குறைவு, டர்போ இருப்பதால் இழுவைக்கும் குறைவில்லை. ஹொண்டா சிவிக் 1.0, டொயோட்டா ரைஸ், வேகன் ஆர் ஸ்டிங்ரேயின் டர்போ, சுசுகி எவ்ரி வான் எல்லாம் அப்படி வந்தவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு 2025 தொடக்கம் வரை தனியார் கார்கள் வரவில்லை. கையில் இருந்த வாகனத்தைத்தான் எல்லோரும் பேணி ஓட்டினார்கள். இன்றைக்கு ஒரு எஞ்சின் போனால் மாற்று எஞ்சின் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். பெட்டியின் விலை அதற்குப் பக்கத்திலேயே வராது.

ஆசையை நான் குறை சொல்லவில்லை. கந்தளாய் வீதியில் மா லொறிக்கும் சீமெந்து லொறிக்கும் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்துவதற்குக் கிடைக்கிற சின்ன இடைவெளியில் கார் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பாய்ந்தால் நல்லது என்று நினைப்பது நியாயமான ஆசை. பெட்டி அதைத் தரவும் செய்யும். ஒழுங்காகச் செய்தால்.

பெட்டி செய்வது என்ன

டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தை அளக்கிற ஒரு சென்சர் இருக்கும். டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு வரும் குழாயிலோ, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் இன்டேக் மனிபோல்டிலோ, சில கார்களில் இரண்டிலுமோ இருக்கும். எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியு அதற்கு 5 வோல்ற் கொடுக்கிறது. அழுத்தத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 0.5 முதல் 4.5 வோல்ற் வரை சென்சர் திருப்பி அனுப்புகிறது. ஈசியுவுக்கு ஒரு இலக்கு இருக்கிறது, 180 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். சென்சர் 180 என்று சொல்லும் வரை டர்போவைச் சுற்றும் புகையை விலக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை மூடிவைத்து டர்போவைச் சுற்ற விடும்.

டியூனிங் பொக்ஸ் இந்தச் சென்சருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்காருகிறது. சென்சர் 195 என்று சொன்னால் அதை 180 ஆகக் குறைத்து ஈசியுவுக்கு அனுப்புகிறது. குறைத்துக் காட்டும் தராசில் கடைக்காரர் தெரியாமலே கூட அரிசி போடுவது மாதிரி, ஈசியுவும் கூடக் காற்றை அனுப்பிவிடுகிறது. ஈசியுவின் புரோகிராமில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதனால்தான் கழற்றினால் கார் பழையபடி ஆகிவிடுகிறது. பெட்டியின் பெரிய நன்மை இதுதான்.

இதே காரணத்தால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விற்கிறவர்கள் இவற்றைச் சொல்வதில்லை. முதலாவது, அழுத்தம் அளவுக்கு மீறிப் போனால் ஈசியு எரிபொருளை வெட்டி எஞ்சினைக் காக்கும். அந்தக் காவலும் இதே சென்சரை நம்பித்தான் நிற்கிறது. பெட்டி 15 குறைத்துச் சொன்னால் காவலும் 15 தள்ளித்தான் விழித்துக்கொள்ளும். இரண்டாவது, பெட்டியைப் பூட்டிய பிறகு உங்கள் ஸ்கானர் காட்டும் பூஸ்ட் உண்மையான பூஸ்ட் அல்ல. ஸ்கானர் ஈசியுவிடம் கேட்டுத்தான் சொல்கிறது, ஈசியுவுக்கே உண்மை தெரியாது. "பூட்டின பிறகும் ஸ்கானரிலை அதே 180 தான் காட்டுது அண்ணை, பெட்டி வேலை செய்யேல்லைப் போல" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டி வேலை செய்கிறது. அதனால்தான் 180 காட்டுகிறது.

வாங்கக் கூடாதவை

ஸ்கானர் பூட்டும் ஓபிடி சொக்கற்றில் குத்தினால் போதும், எண்ணெயும் மிச்சம், வேகமும் கூடும் என்று விற்கிற சின்ன பிளக்கை வாங்காதீர்கள். கழற்றினால் உள்ளே ஒரு சின்னச் சிப்பும் மினுக்கிற சில எல்ஈடி விளக்குகளும்தான். காரின் கணினிகள் தமக்குள் பேசும் கான் வலையமைப்போடு பேசுவதற்கு வேண்டிய பாகமே இல்லை. அடுத்தது, காற்று வெப்பச் சென்சரின் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகச் சொல்லும் மலிவுச் சாமான். வெளியே 34 பாகை இருக்க, குளிர் காற்று வருகிறது என்று ஈசியுவை அது நம்ப வைக்கிறது. எங்கள் ஊர் வெயிலில், ஈசியு எஞ்சினைக் காக்க வேண்டிய நேரத்தில் அதன் கண்ணைக் கட்டிவிடுகிற வேலை அது. எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்குவதானால் உங்கள் காரின் மொடல், ஆண்டு, எஞ்சின் குறியீடு எல்லாவற்றுக்கும் பொருந்தும் வயரிங்கோடு வருவதை வாங்குங்கள். பெட்டியைக் கழற்றியபின் பூட்டுவதற்கு ஒரு பைபாஸ் பிளக் கூட வர வேண்டும். வலு அளவைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். போனில் ஒரு அப் மூலம் உண்மையான பூஸ்டைக் காட்டுகிற பெட்டியாக இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே எடுங்கள். சென்சர் சொல்வதை மாற்றுவதற்கு முன்பு கேட்பது பெட்டி மட்டும்தான், ஆகவே உண்மை அதற்குத்தான் தெரியும். அப் இல்லாத பெட்டி என்றால் தனியாக ஒரு பூஸ்ட் கேஜ் பூட்ட வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் 25, 30 வீதம் என்று போட்டிருக்கும். சின்னப் பெற்றோல் எஞ்சினுக்கு 10 முதல் 15 வீதம் என்று எதிர்பாருங்கள். சிவிக் 1.0 கம்பனியிலிருந்து வரும்போது 129 குதிரைவலு. 142 வந்தாலே காலுக்குத் தெரியும்.

முதலில் 95

பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதற்குப் பெற்றோல் செலவு மட்டும்தான். இவ்வளவு நாளும் 92 ஒக்டேன் அடித்து வந்திருந்தால், டாங் வற்றும் நிலையில் 95 அடியுங்கள். அது முடிந்து இரண்டாவது டாங்கும் 95 ஆகவே இருக்கட்டும். அழுத்தமும் சூடும் கூடும்போது பெற்றோல் தன்பாட்டில் வெடிக்கப் பார்க்கும். அந்தத் தட்டலை நொக் சென்சர் கேட்டவுடன் ஈசியு ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும். ஸ்பார்க் பிந்தினால் வலு குறையும். 95க்கு என்று வடிவமைத்த எஞ்சினில் 92 ஊற்றி, அதற்கு மேல் பெட்டியால் பூஸ்டையும் கூட்டினால், பெட்டி கொடுப்பதை ஈசியு மற்றக் கையால் திருப்பி எடுத்துவிடும். தம்பலகாமத்தில் இருந்து வரும் ஒரு வாடிக்கையாளரின் சிவிக்கில் இதை நேரே பார்த்தேன். 92இல் பெட்டியைப் பூட்டினோம், இழுவை முன்பு இருந்த மாதிரியேதான், ஸ்பார்க் மட்டும் நன்றாகப் பின்னுக்குப் போயிருந்தது. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு 95இல் ஓடச் சொன்னேன். சில நாள் கழித்து வந்து, "இதுவே போதும் அண்ணை" என்றார். பெட்டியை விற்றுவிட்டார்.

எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது. கொழும்புப் பயணம் என்றால் எங்கே அடிப்பது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வழியில் 92 தான் கிடைத்தது என்றால் பெட்டியை ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கிவிட்டு ஓடுங்கள்.

எழுத வேண்டிய இலக்கங்கள்

ஒரு புளூடூத் ஓபிடி அடப்டரும் போனில் ஒரு ஸ்கானர் அப்பும் போதும். பெரிய மெசின் தேவையில்லை.

காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது சாவியை ஒன் நிலைக்கு மட்டும் கொண்டு வாருங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். மனிபோல்ட் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். கடல் மட்டத்தில் இருக்கும் ஊர் நம்முடையது, 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 95 காட்டினாலோ 108 காட்டினாலோ அந்தச் சென்சரில் ஏற்கெனவே கோளாறு இருக்கிறது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் ஐட்லிங்கில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையில் நிற்கும்.

அடுத்தது ஓட்டம். நாலாம் கட்டை தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் போகிற வீதியில், விடியற்காலை வாகனம் குறைந்த நேரத்தில், பக்கத்தில் ஒருவரை இருத்திப் போனை அவரிடம் கொடுங்கள். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. மணிக்கு 30இல் இருந்து 70 வரை ஒரே மிதியில் எடுத்தால் போதும். கார்களுக்கு ஊருக்கு வெளியே வேக எல்லையே 70 தான், சோதனைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மாடு, நாய், சைக்கிள் எல்லாம் அந்த வீதியில் உண்டு. முன்னால் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் மிதியுங்கள். நிலாவெளி வீதியில் இதைச் செய்யவே வேண்டாம், அங்கே எந்த நேரமும் ஆட்கள் நடந்து போவார்கள்.

பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்ய வேண்டியவை: அழுத்தத்தின் உச்சம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், ஸ்பார்க் எத்தனை பாகை முன்னால் நிற்கிறது, பியூவல் டிரிம் (ஈசியு எரிபொருளை எத்தனை வீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) குறும் அளவும் நீண்ட அளவும், 30இல் இருந்து 70 வர எடுத்த விநாடிகள். சாதாரண ஓபிடி அளவுக்கு 255 கிலோபாஸ்கல்தான் உச்சம். கூடப் பூஸ்ட் அடிக்கிற காரில் 255இல் கோடு தட்டையாக நின்றால், அது சென்சரின் எல்லை இல்லை, அந்த அளவீட்டின் எல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். இதே ஓட்டத்தைப் பிற்பகல் 2 மணி வெயிலிலும் ஒருமுறை எடுங்கள். ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும் நாளில் காலைக்கும் பிற்பகலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால், எங்கள் ஊரில் டர்போ காருக்கு முதல் எதிரி யார் என்று விளங்கும். சூடான காற்றில் ஒட்சிசன் குறைவு, தட்டலும் சீக்கிரம் வரும். பெட்டி பூஸ்டைக் கூட்டும்போது டர்போ காற்றை இன்னும் சூடாக்கும். இன்டர்கூலரின் முகத்தில் அடைத்திருக்கும் பூச்சியையும் தூசியையும் மெதுவான தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிரஷர் வோஷர் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

எஞ்சினின் உடல்நிலையும் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் பழையதானால் மாற்றுங்கள். பூஸ்ட் கூடும்போது தேய்ந்த பிளக்கில் ஸ்பார்க் அணைந்து கார் குலுங்கும். ஒயில் மாற்றும் காலம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் நேரடி ஊசி வைத்த டர்போ எஞ்சினுக்கு ஏபிஐ எஸ்பி (API SP) தரம் உள்ள ஒயில் வேண்டும். குறைந்த சுற்றில் பாரம் ஏற்றும்போது பிஸ்டனையே உடைக்கக்கூடிய முன்வெடிப்பு இந்த எஞ்சின்களில் வரும். அதைத் தடுப்பதற்கான சோதனை அந்தத் தரத்தில் சேர்ந்திருக்கிறது. ஏதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும் காரில் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பூட்டுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டர்போவும் எக்ஸோஸ்டும் கையைச் சுட்டுவிடும். சாவியை எடுத்து, கீலெஸ் கார் என்றால் சாவியை வீட்டுக்குள் வைத்து, பொனட்டைத் திறந்துவிட்டுக் கால் மணித்தியாலமாவது சும்மா விடுங்கள். ஈசியு தூங்கட்டும். விழித்திருக்கும்போது சென்சரைக் கழற்றினால் அதில் கோளாறுக் குறியீடு விழும்.

அந்த நேரத்தில் பெட்டியோடு வந்த வயரிங்கை மல்டிமீற்றரால் சோதியுங்கள். இதை நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை. 5 வோல்ற் வரும் முனையும் எர்த் முனையும் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நேரே போக வேண்டும், ஒன்றோடு ஒன்று தொடக் கூடாது. சிக்னல் வயர் மட்டும் பெட்டி வழியாகப் போகும். பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றால், அல்லது பின் ஒன்று வளைந்திருந்தால், 5 வோல்ற் லைன் சோர்ட் ஆகிவிடும். பல கார்களில் அதே 5 வோல்ற் லைனில் வேறு சென்சர்களும் தொங்குகின்றன. ஒரு இடத்தில் சோர்ட் ஆனால் சம்பந்தமே இல்லாத இடங்களில் எல்லாம் கோளாறு காட்டும், தேடிக் களைத்துப் போவீர்கள்.

சென்சரின் கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் சிவப்பு அல்லது சாம்பல் நிறப் பூட்டு ஒன்று இருக்கும், அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு தாழ்ப்பாளை அமுக்கிக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். பழைய கார்களில் வெப்பத்தால் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போயிருக்கும். வரவில்லை என்றால் ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டு அமுக்கி இழுங்கள், வரும். திறந்ததும் பின்களைப் பாருங்கள். கடற்கரைக்குக் கிட்ட நிற்கும் கார்களில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பது சாதாரணம். கொன்டக்ட் கிளீனர் அடித்துக் காய விடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

பெட்டியின் ஒரு முனையைச் சென்சரில், மறு முனையைக் காரின் கனெக்டரில் பூட்டுங்கள். இரண்டிலும் "க்ளிக்" சத்தம் கேட்க வேண்டும். பெட்டியை டர்போவுக்கும் எக்ஸோஸ்டுக்கும் தூரமாக, பற்றரிப் பக்கம் வையுங்கள். வயர் நுழையும் வாய் கீழே பார்க்கட்டும். கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும், வாய் மேலே பார்த்தால் உள்ளேயே இறங்கும். றேடியேற்றர் காற்றாடிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் ஒரு வயரும் தொங்கக் கூடாது. கேபிள் டையை வயர் நெரியுமளவுக்கு இறுக்க வேண்டாம். சென்சரை எட்டுவதற்காகக் காற்றுக் குழாய் எதையாவது கழற்றியிருந்தால் அதன் கிளிப்பைத் திரும்ப நன்றாக இறுக்குங்கள். அது தளர்ந்தால் பூஸ்ட் கசிந்து பி0299 என்ற குறியீடு வரும், நீங்கள் பெட்டியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

பெட்டியை ஆகக் குறைந்த நிலையில் வைத்துச் சாவியை ஒன் செய்யுங்கள். ஸ்கானர் பழையபடி 100, 101 காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் அளவும் முன்பு எழுதியதுதான் வர வேண்டும். நல்ல பெட்டி பூஸ்ட் இல்லாத இடத்தில் எதையும் மாற்றாது. சாவி ஒன் நிலையிலேயே 90 என்று காட்டினால், அது எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிற மலிவுப் பெட்டி. வெளிக் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஈசியு பி0106 அல்லது பி0236 போட்டுவிடும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திரும்ப அதே வீதி

அதே வீதி, அதே திசை, அதே நேரம், அதே பெற்றோல், அதே ஆட்கள். அதிகாலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. இனி ஸ்கானரில் பூஸ்ட் இலக்கத்தை விட்டுவிடுங்கள், அதைப் பெட்டியின் அப்பிலோ கேஜிலோ பாருங்கள். கேஜ் வெளிக் காற்றைக் கழித்துத்தான் காட்டும், ஸ்கானர் கழிக்காது. ஸ்கானரின் 180, கேஜில் 0.8 பார். சின்ன எஞ்சினில் முன்பிருந்ததைவிட 0.1, மிஞ்சினால் 0.15 பார் கூடினால் அதற்கு மேல் நான் ஏற்ற மாட்டேன்.

ஸ்கானரில் நம்பக்கூடியவை மற்றவை. ஸ்பார்க் முன்பு இருந்ததைவிட மூன்று நான்கு பாகை பின்னுக்குப் போயிருந்தால் எஞ்சின் தட்டலோடு போராடுகிறது என்று பொருள். ஒரு படி இறக்குங்கள். பியூவல் டிரிம் குறும் அளவும் நீண்ட அளவும் கூட்டிப் பார்த்து, பெட்டிக்கு முன்பு இருந்ததைவிட நன்றாகக் கூடி 10 வீதத்தைத் தொட்டால் எஞ்சினுக்கு எரிபொருள் காணவில்லை. காற்று குறைவு என்று நம்பி ஈசியு குறைத்து ஊற்றுகிறது, ஒக்சிசன் சென்சர் காட்டிக்கொடுத்த பிறகு ஓடிப்போய்ச் சரிக்கட்டுகிறது. அந்த நிலையில் ஓட்டாதீர்கள். விநாடிகள் குறையவே இல்லை என்றால் அடுத்த படிக்கு ஏற்றுவதற்கு முன் ஏன் என்று தேடுங்கள். காலையில் நன்றாக இருந்து பிற்பகலில் ஸ்பார்க் விழுந்தால், பிற்பகல் அளவுக்குத்தான் பெட்டியை வைக்க வேண்டும். நீங்கள் ஓட்டப்போவது இந்த ஊரில்.

சிவிடி கியர் (படிகள் இல்லாத ஓட்டோ கியர்) வைத்த கார்க்காரர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இங்கே ஓடும் சின்ன டர்போக்களில் பெரும்பாலானவை சிவிடிதான். அதில் ஒரு இரும்புப் பெல்ட்டை இரண்டு கப்பிகள் (pulley) எண்ணெய் அழுத்தத்தால் நெரித்துப் பிடிக்கின்றன. எவ்வளவு நெரிப்பது என்பதை, எஞ்சின் எவ்வளவு டோர்க் (சுழற்று விசை) தருகிறது என்று ஈசியு சொல்வதை வைத்துத்தான் கியர் தீர்மானிக்கிறது. பெட்டி ஈசியுவிடம் குறைத்துச் சொன்னதால் ஈசியு கியரிடமும் குறைத்தே சொல்லும். வருகிற டோர்க் கூடிவிட்டது, பிடிக்கிற பிடி பழையது. பெல்ட் வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும், பிறகு அந்தக் கியரைக் காப்பாற்ற முடியாது. சிவிக் 1.0இலேயே கம்பனி மனுவல் கியருக்கு 200 நியூற்றன் மீற்றர் கொடுத்து, சிவிடிக்கு 180 தான் கொடுத்திருக்கிறது. அந்த 20ஐ அவர்கள் சும்மா குறைக்கவில்லை. சிவிடி காரில் ஆகக் குறைந்த நிலைக்கு மேல் நான் பூட்டிக் கொடுப்பதில்லை. நின்ற இடத்தில் இருந்து முழு மிதி மிதிப்பவர் என்றால் பூட்டவே மாட்டேன். சிவிடி ஒயில் மாற்றாத காருக்கும் அப்படித்தான்.

ஓட்டும் முறையும் கொஞ்சம் மாற வேண்டும். மனுவல் கியரில் 1,500 சுற்றில் முழு மிதி மிதித்து ஏற்றத்தில் இழுக்காதீர்கள், ஒரு கியர் இறக்குங்கள். மேலே சொன்ன முன்வெடிப்பு வருவது அந்த இடத்தில்தான். நீண்ட ஓட்டம் ஓடி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஹைலக்ஸ், எல்200, நவாரா மாதிரிக் கொமன் ரெயில் எஞ்சின்களில் பெட்டி பெரும்பாலும், ஊசிகளுக்கு டீசலைப் பகிரும் குழாயான ரெயிலின் அழுத்தச் சென்சரில் உட்காரும். பழைய தலைமுறையில் 1,350, 1,600 பார், புதியவற்றில் 2,000ஐயும் தாண்டும் அழுத்தம் அது. கனெக்டரைத் தவிர எரிபொருள் லைன் எதையும் தளர்த்தாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஐட்லிங்கில் சத்தம் கரடுமுரடானால் பெட்டி ஐட்லிங்கிலும் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அது வேண்டாம். பின்னால் கறுப்புப் புகை வந்தால் எரியாத டீசல் காசாகப் போகிறது. மீன் ஏற்றிக்கொண்டு ஐஸ் பாரத்தோடு தம்புள்ளைப் பக்கம் ஓடும் பிக்கப்புக்கு ஆகக் குறைந்த நிலைதான் சரி. பாரத்தோடு மணிக்கணக்காக இழுக்கும்போது எக்ஸோஸ்ட் சூடு டர்போவைத் தின்றுவிடும்.

வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் பெட்டியோடேயே போங்கள். பெட்டியோடு தேறாத கார், பெட்டியோடு வீதியில் ஓடக் கூடாது. காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் மறைத்த மாற்றம் விபத்து நேரத்தில் நட்டஈட்டைக் கேள்விக்குள்ளாக்கும். ஈசியுவின் புரோகிராமைப் புதுப்பிக்கக் காரைக் கொடுக்கும்போது மட்டும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள்.

கடற்காற்று எங்கள் கனெக்டர்களைச் சும்மா விடாது. மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்த பிறகு ஒருமுறையும் இரண்டு முனைகளையும் திறந்து பாருங்கள். பைபாஸ் பிளக்கை வீட்டு மேசை லாச்சியில் போடாமல் காரின் டாஷ்போர்டிலேயே வையுங்கள். கொழும்பு போகும் வழியில் ஹபரணைக் காட்டுக்குள் எஞ்சின் விளக்கு எரிந்து கார் இழுக்காமல் போனால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு பெட்டியைக் கழற்றிப் பைபாஸைப் பூட்டிக் குறியீட்டை எழுதிக்கொண்டு அழித்துப் பாருங்கள். விளக்கு திரும்ப வராவிட்டால் கோளாறு பெட்டியில் அல்லது அதன் வயரில், பெட்டி இல்லாமல் பயணத்தைத் தொடரலாம். திரும்ப வந்தால் கோளாறு காரில், தம்புள்ளையில் ஒரு கராஜைப் பாருங்கள்.